பவளத்தைக் கடித்தது யார்?

பெருநாளுக்கோ தீபாவளிக்கோ துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா சாலைக்குப் போயிருப்பவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். அந்தச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் நான்கு அடி நீளத்தில் ஓர் உப்புநீர் மீன்தொட்டி. அம்மாக்கள் சேலை பார்க்கும் நேரம் முழுவதும் பிள்ளைகள் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். வியாபாரத்துக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பார் அவர்.

ஒருநாள் நான் போனபோது முகம் வாடி உட்கார்ந்திருந்தார். தொட்டியில் இருந்த மூளைப் பவளத்தின் சதை ஓரங்கள் கிழிந்து தொங்கின. கொம்பு கொம்பாக நிற்கும் அக்ரோபோரா பவளம் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. குற்றவாளி யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்டு, ஊசி போல் நீண்ட மூக்கோடு உலவிக்கொண்டிருந்த செப்புப்பட்டை வண்ணத்துப்பூச்சி மீனைக் காட்டினார்.

"களை எடுக்க வந்தவன் பயிரை மேஞ்சுட்டான் தம்பி!"

அவர் சொன்னதில் ஒரு கதை இருக்கிறது. கடல் பாறையோடு ஒட்டிக்கொண்டு ஐப்டேசியா என்ற சின்னக் கடல் அனிமோன் தொட்டிக்குள் வந்துவிட்டது. உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது கோரைப்புல் மாதிரி. பிய்த்தால் மிச்சத் துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும். பக்கத்தில் உள்ள பவளங்களைக் கொட்டும். அதைத் தின்பதற்காகத்தான் இந்த மீனை வாங்கிப் போட்டார்கள். மூன்றே வாரத்தில் மீன் ஐப்டேசியாவைத் துடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பவளங்களுக்குச் சீக்கு வந்தது.

படிவம் நான்கில் படிக்கும் அவருடைய மகன் கைப்பேசியில் எடுத்த காணொளியையும் காட்டினான். வெளுத்துப்போன அக்ரோபோராக் கொம்பை மீன் டக் டக்கென்று கொத்துவது தெளிவாகத் தெரிந்தது. இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் பவளத்தைத் தின்னும் மீன்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அந்தக் காணொளி எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பது புரியும்.

கல்லுக்குள் ஒரு வாய்

பவளம் என்றதும் நம்மில் பலருக்கு நகைக்கடைதான் ஞாபகத்துக்கு வரும். நவரத்தினங்களில் ஒன்றாக மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளமும் ஒரு கடல் உயிரின் எலும்புக்கூடுதான். ஆனால் அது மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் வளரும் வேறு வகை. நம் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளைச் சுற்றியும் சபா கடலிலும் பாறையாக வளர்ந்து கிடப்பவை கல் பவளங்கள். மீன்தொட்டிக்கு வருபவையும் பெரும்பாலும் இவற்றின் உறவுகள்.

ஒரு கல் பவளத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கிண்ணங்கள் தெரியும். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பாலிப் உட்கார்ந்திருக்கும். பாலிப் என்பது ஒரு பிராணி. ஜெல்லி மீனுக்கும் கடல் அனிமோனுக்கும் உறவு. மெல்லிய பை போன்ற உடல், மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கை கையாய் உணர்நீட்சிகள். சாப்பாடு உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். தன் அடியில் அது கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து வீடு கட்டிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான பாலிப்கள் சதையால் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கூட்டமாக வாழ்கின்றன.

அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருகிறது. பவளம் இருக்க இடமும் கழிவிலிருந்து உரமும் தருகிறது. இரண்டாம் படிவ அறிவியலில் படித்த ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுவாழ்வு இதுதான். பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 விழுக்காடு வரைகூட இந்தப் பாசிகள் கொடுக்க முடியும். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினியில் வாடும். 2010இல் நம் கடல் பூங்காக்களில் இப்படி வெளுத்தபோது, சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்கள் மூடியே வைத்தார்கள்.

ஒரு மீனின் கண்ணால் பார்த்தால் பவளம் அவ்வளவு நல்ல சாப்பாடு அல்ல. சதை மெல்லிய படலம்தான். அதற்கும் அடியில் கூரான கல். சதை முழுக்கக் கொட்டும் உயிரணுக்கள். மேலே வழவழப்பான சளிப் படலம். இவ்வளவு தடைகளையும் மீறி யார் சாப்பிடுவார்? 2008இல் வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு, பவளத்தைத் தின்னும் மீன்கள் என்று 11 குடும்பங்களைச் சேர்ந்த 128 இனங்களைக் கணக்கிட்டது. பவளப்பாறைகளில் ஆயிரக்கணக்கான மீன் இனங்கள் வாழ்கின்றன என்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்தான். அந்த 128இல் 69 இனங்கள் ஒரே குடும்பம்: வண்ணத்துப்பூச்சி மீன்கள்.

வாயைப் பார்த்தால் தெரியும்

வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தின் அறிவியல் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'முடி போன்ற பல்' என்று பொருள். மெல்லிய பற்கள் துலக்கும் தூரிகை போல அடர்ந்து நிற்கும். கல்லை உடைக்காமல் பாலிப்பை மட்டும் கிள்ளி எடுக்க இதைவிடத் தோதான கருவி கிடையாது. இவற்றில் சில இனங்கள் பவளத்தைத் தவிர வேறெதையும் ஏறக்குறையத் தொடுவதே இல்லை. அம்புக்குறி போன்ற கோடுகளைக் கொண்ட ஓர் இனம், மேசை போல் விரிந்த அக்ரோபோராப் பவளம் ஒன்றைத் தன் வயலாக வைத்துக்கொண்டு, வேறு வண்ணத்துப்பூச்சி மீன் கிட்டே வந்தால் விரட்டும்.

ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த செப்புப்பட்டை மீனின் வாயைப் பாருங்கள். நீண்டு, நுனியில் இடுக்கி போல் இருக்கும். பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் புழுவையும் சின்ன இறால் வகைகளையும் இழுத்து எடுப்பதற்கான வாய் அது. மெத்தென்ற சதை எதுவானாலும் ஒரு முறை இழுத்துப் பார்க்கும் குணமும் அதற்கு உண்டு. ஐப்டேசியா அகப்பட்டால் சில மீன்கள் ஆசையாய்த் தின்னும். சில திரும்பியும் பார்க்காது. பசி வந்தால், சதைப்பற்றான பெரிய பாலிப் கொண்ட பவளத்தின் மேல் கண் போகலாம். மூளைப் பவளம் அப்படிப்பட்டது. அக்ரோபோராவின் பாலிப்போ கடுகளவு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வாய்களும் சுவையானவை. கிளாத்தி மீன்களும் பேத்தை மீன்களும் பலமான தாடை கொண்டவை. அவற்றில் சில பவளக் கொம்பின் நுனியை நறுக்கென்று கடித்து முறிக்கும். குழாய் உதடு கொண்ட ஒரு கடல்மீன் இருக்கிறது. அதன் உதடு காளானின் அடிப்பக்கம் போல் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பெல்லாம் சளி ஊறியிருக்கும். பவளத்தின் மேல் உதட்டைப் பதித்து 'டக்' என்ற ஓசையோடு உறிஞ்சும், ஒரு முத்தம் கொடுப்பது போல. அந்தச் சளி கொட்டும் உயிரணுக்களிலிருந்து உதட்டைக் காப்பாற்றுவதோடு, உறிஞ்சும்போது காற்று புகாத அடைப்பான் போலவும் உதவுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள். பாறையின் சளியைத் தன் சளியால் வெல்லும் மீன்!

எனக்கு மிகவும் பிடித்தது ஆரஞ்சுப் புள்ளி போட்ட ஒரு சின்ன மீன். அக்ரோபோராவையே நம்பி வாழும் அது இரவில் பவளக் கொம்புகளுக்கிடையே தலைகீழாக நின்று தூங்கும். அது தின்னும் பவளத்தின் வாசனை அதன் உடம்பிலேயே ஏறிவிடுகிறது என்று 2015இல் கண்டறிந்தார்கள். எவ்வளவு தூரம் என்றால், அந்தப் பவளத்தில் வாழும் நண்டுகளால் மீனின் வாசனையையும் பவளத்தின் வாசனையையும் பிரித்தறிய முடியவில்லை. வேட்டை மீன்களும் ஏமாந்துபோயின. சாப்பாடே மாறுவேடம்.

கேஎல்சிசி நீர்வாழ் காட்சியகத்துக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து எல்ஆர்டியில் மூன்று நிறுத்தம்தான், மீனின் நிறத்தை விட்டுவிட்டு வாயை மட்டும் பாருங்கள். மேல் நோக்கிய வாயா, கீழ் நோக்கியதா, அலகா, குழாயா? என்ன சாப்பிடும் என்று ஊகித்துவிட்டு, பிறகு பெயர்ப்பலகையைப் படியுங்கள். விளையாட்டுப் போலவே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

டார்வின் ஏமாந்த இடம்

வாயைப் பார்த்து ஊகிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. பெரியவர்களே அதில் சறுக்கியிருக்கிறார்கள்.

சார்லஸ் டார்வின் 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளில் இறங்கினார். (அந்தத் தீவுகளிலிருந்து வந்த மலாய்க்காரர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சபாவின் தாவாவில் வாழ்கிறார்கள்.) அங்கே கிளி அலகு போன்ற வாயுள்ள மீன்கள் பவளப்பாறையைச் சுரண்டுவதை நேரில் பார்த்த ஒருவர் அவரிடம் சொன்னார். சிலவற்றை அறுத்துப் பார்த்தபோது குடல் முழுக்க மஞ்சள் நிறச் சுண்ணாம்பு மணல் சேறு. இவை பவளத்தை மட்டுமே தின்கின்றன என்று எழுதிவைத்தார். காதால் கேட்டதற்கும் குடலில் கிடைத்ததற்கும் பொருத்தமான முடிவுதான்.

அந்த மீனை நம் சந்தையில் ஈக்கான் பாயான் என்று விற்கிறார்கள், தமிழில் கிளிமீன். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் நுணுக்கமாகப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. பெரும்பாலான கிளிமீன்கள் உயிருள்ள பவளத்தை அதிகம் தொடுவதில்லை. செத்த பவளக் கல்லின் மேலும் உள்ளேயும் வளரும் பாசிக்கும் நுண்ணுயிர்களுக்கும்தான் அவை கல்லைச் சுரண்டுகின்றன. கல் கூடவே போய், தொண்டைக்குள் இருக்கும் இரண்டாம் பல்வரிசையில் அரைபட்டு, மணலாக வெளியே வருகிறது. வெண்மணல் கடற்கரை பலவற்றில் நாம் கால் பதிப்பது கிளிமீனின் கழிவில். முகம் சுளிக்க வேண்டாம், சுத்தமான சுண்ணாம்புதான்.

விதிவிலக்கும் உண்டு. சபாவில் சிபாடான் தீவில் முக்குளிப்பவர்கள் விடியற்காலையில் பார்க்க ஏங்கும் மீன், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன். ஒரு மீட்டருக்கு மேல் வளரும் இது கூட்டமாக வந்து உயிருள்ள பவளத்தையும் கடித்து நொறுக்கும். ஒரே மீன் ஓர் ஆண்டில் 5 டன்னுக்கு மேல் பாறையை அரைக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியும் சிபாடானின் பவளம் உலகப் புகழோடு நிற்கிறது.

அதாவது, கொத்துவது வேறு, தின்பது வேறு, கொல்வது வேறு. துணிக்கடைப் பையனின் காணொளி முதலாவதை மட்டும்தான் காட்டியது.

கடல் பொறுக்கும், தொட்டி பொறுக்காது

பவளத்தையே தின்னும் மீனும் கடலில் பவளத்தை அழிப்பதில்லை. ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் நிமிடத்துக்கு 5 கடி கடிக்கிறது என்றும், பகலில் 10 மணி நேரம் மேய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 3,000 கடி. கடலில் அந்தக் கடிகள் லட்சக்கணக்கான பாலிப்கள் மீது பரவுகின்றன. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று கிள்ளிவிட்டு மீன் நகர்ந்துவிடும். பக்கத்துப் பாலிப்கள் சதையை வளர்த்துக் காயத்தை மூடிவிடும். அக்ரோபோரா போன்ற கொம்புப் பவளங்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரக்கூடியவை.

இப்போது அதே மீனை நான்கடித் தொட்டியில் விடுங்கள். நீளம் 122, அகலம் 45, உயரம் 45 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு பவளத் துண்டு. அதில் 2,000 பாலிப் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே நாளில் எல்லாப் பாலிப்புக்கும் ஒரு முறை கடி விழுந்து, பாதிக்கு இரண்டாம் முறையும் விழும். காயம் ஆற நேரமே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. கடிக்குப் பயந்து பவளம் பாலிப்களை உள்ளே இழுத்து மூடியே வைத்திருக்கும். அப்போது அதற்கு இரை பிடிக்கவும் வழியில்லை, வெளிச்சம் வாங்கவும் பரப்பு இல்லை. காயம் இல்லாத பகுதியும் பட்டினியால் மெலியும்.

மீனின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கடலில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகிய உயிர் அது. வீட்டுத் தொட்டியில் காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை என்று தீனி போடுகிறோம். இடையில் அது என்ன செய்யும்? கண்ணில் பட்டதைக் கொத்தும். கடையில் 'இந்த மீன் பவளத்தைத் தொடாது' என்று சொல்லித் தருவது பொய் என்று சொல்லமாட்டேன். அது சராசரியைப் பற்றிய பேச்சு. உங்கள் தொட்டியில் இருப்பது சராசரி அல்ல, பசியும் பழக்கமும் உள்ள ஒரு தனி மீன். குள்ளத் தேவதை மீன்களில் ஒன்று பல ஆண்டுகள் சாதுவாக இருக்கும். அதே இனத்தில் இன்னொன்று முதல் வாரமே பவளத்தைக் கொறிக்கும்.

கடையில் நடந்த விசாரணை

துணிக்கடை அண்ணன் அன்றே மீனை யாருக்காவது கொடுத்துவிடத் தயாராக இருந்தார். பையன்தான் தடுத்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த மூன்று மாறிகளை அவன் மறக்கவில்லை.

துளை போட்ட தெளிவான நெகிழிப் பெட்டி ஒன்றை அதே தொட்டிக்குள் தொங்கவிட்டு, மீனை அதில் விட்டான். தண்ணீர் அதேதான், விளக்கு அதேதான், வெப்பநிலை அதேதான், தீனியும் அதேதான். இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். மீனின் வாய் பவளத்தை எட்டுமா எட்டாதா என்பது மட்டும் மாறியது. அது தற்சார்பு மாறி. பவளத்தின் நிலை சார்பு மாறி. ஒவ்வொரு நாளும் காலையில் கடை திறந்தவுடன், கண்ணாடியில் அளவுகோலை ஒட்டி, ஒரே இடத்திலிருந்து படம் எடுத்தான். மீனை வேறு தொட்டிக்கு மாற்றாமல் அதே தண்ணீரில் வைத்தது கெட்டிக்காரத்தனம். மாற்றியிருந்தால், அதற்காகத் தண்ணீரையும் பாறையையும் கலைத்திருப்பார்கள். எது காரணம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இரவில் சிவப்பு விளக்கு அடித்தும் பார்த்தான். பல கடல் உயிர்களுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரிவதில்லை. அதனால் பதுங்காமல் நடமாடும். வெளுத்த பவளத்தின் அடியில் முள்முடிப் புழுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அப்பா உடனே இடுக்கியைத் தூக்கினார். ஆனால் அந்தப் புழுக்கள் பெரும்பாலும் அழுகியதைத் தின்று சுத்தம் செய்பவை. சாவு வீட்டுக்கு வந்தவர்களையே கொலைகாரர்கள் என்று பிடிப்பது போன்ற தவறு அது. பவளத்தைக் கடிக்கும் நண்டோ, கடல் நத்தையோ, தட்டைப் புழுவோ இருக்கிறதா என்று தேடினான். எதுவும் அகப்படவில்லை.

ஐந்தாம் நாள் மூளைப் பவளம் சதையை மறுபடி உப்பவைத்தது. இரண்டாம் வாரம் கிழிந்த ஓரம் மூட ஆரம்பித்தது. ஆனால் அக்ரோபோராவின் வெளுப்பு நிற்கவில்லை. மீன் எட்ட முடியாத நிலையிலும் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போனது.

இரண்டு பவளம், இரண்டு குற்றவாளி. இரண்டாவது குற்றவாளி யார்?

காரத்தன்மையும் உப்பின் அளவும் சோதித்தார்கள், சரியாகவே இருந்தன. பிறகு, ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் பதிந்துவைக்கும் வெப்பமானி ஒன்றைத் தொட்டிக்குள் போட்டார்கள். மறுநாள் பார்த்தால் ஒன்று 26 பாகை செல்சியஸ், இன்னொன்று ஏறக்குறைய 30. காரணம் கடையிலேயே இருந்தது. காலையில் கடை திறந்ததும் ஏர்கோன் போடுவார்கள். இரவு கடை அடைக்கும்போது அதை அணைத்துவிட்டு இரும்புக் கதவை இழுத்துவிடுவார்கள். தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் சூடும் சேர, மூடிய கடைக்குள் இரவு முழுக்கத் தண்ணீர் சூடேறும். நாள்தோறும் நான்கு பாகை ஏற்ற இறக்கம். மூளைப் பவளம் அதைத் தாங்கிக்கொண்டது. மென்மையான அக்ரோபோராவால் முடியவில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கி 26 பாகையில் நிறுத்திய பிறகு வெளுப்பு மேலே ஏறுவது நின்றது. மேல் கொம்புகள் இரண்டு தப்பின.

அப்படியென்றால் மீன் ஏன் வெளுத்த கொம்பைக் கொத்தியது? செத்த பவளத்தின் மேல் சில நாட்களிலேயே பாசி படரும். பாசிக்குள் சின்னஞ்சிறு புழுக்களும் இறால் வகைகளும் குடியேறும். மீன் தேடியது அவற்றை. கொம்பு செத்ததால் மீன் வந்தது. மீன் வந்ததால் கொம்பு சாகவில்லை. டார்வினின் கிளிமீனைப் போலவேதான்.

ஒரே தொட்டியில் ஒரே முறை செய்ததை வைத்து முடிவு கட்டலாமா என்று நீங்கள் கேட்டால் சரியான கேள்வி. பையனுக்கும் அது தோன்றியிருக்கிறது. அதனால் மீனைப் பெட்டியிலிருந்து மறுபடி திறந்துவிட்டான். இரண்டே நாளில் மூளைப் பவளத்தின் ஓரம் திரும்பக் கிழிந்தது. நீக்கினால் ஆறுகிறது, விட்டால் கிழிகிறது. மூளைப் பவளத்தின் வழக்கில் மீன் குற்றவாளிதான். அந்த வழக்கில் அப்பா சொன்னது சரி.

யார் யாரை நம்பி இருக்கிறார்கள்?

வீட்டுத் தொட்டியில் பவளத்துக்காக அழுகிறோம். பவளத்தையே நம்பி வாழும் மீனுக்காக யாரும் அழுவதில்லை. அம்புக்கோட்டு வண்ணத்துப்பூச்சி மீனையும் ஆரஞ்சுப் புள்ளி மீனையும் அழகுக்காக வாங்கிவந்தால், தூள் தீனியையும் உறைந்த இறாலையும் பெரும்பாலானவை தொடாது. வயிறு உள்வாங்கி, முதுகு கத்தி போல் மெலிந்து, சில வாரங்களில் செத்துப்போகும். 'ஏதோ நோய்' என்று கடைக்காரர் சொல்வார். அது நோயல்ல, பட்டினி. உலகின் பெரிய காட்சியகங்களே இத்தகைய மீன்களை வைத்திருக்கச் சிரமப்படுகின்றன.

கடலிலும் அதே கதை, பெரிய அளவில். 2016இல் பவளங்கள் பெருமளவில் வெளுத்த காலத்தில், இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் 17 பவளப்பாறைகளில் 38 இன வண்ணத்துப்பூச்சி மீன்களின் நடத்தையை ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். வெளுப்புக்கு முன்பு, உணவுப் பவளத்துக்காக அவை ஒன்றையொன்று விரட்டிச் சண்டை போடும். வெளுப்புக்குப் பிறகு சண்டை மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. சமாதானம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சண்டைக்குச் சக்தி வேண்டும். சாப்பாடு குறைந்தபோது விரட்டும் தெம்பு இல்லை. காக்கத் தகுந்த வயலும் இல்லை.

இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. பவளத்தைத் தின்னும் மீன்களின் கழிவைச் சேகரித்து ஆராய்ந்தவர்கள், அதில் பவளத்தின் கூட்டாளிப் பாசிகள் உயிரோடு இருப்பதை 2021இல் தெரிவித்தார்கள். மீன் நீந்திப் போகும் வழியெல்லாம் அந்தப் பாசிகளைத் தூவிக்கொண்டே போகிறது. பல பவளங்களின் குஞ்சுகள் பாசி இல்லாமல் பிறந்து, வெளியிலிருந்துதான் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பழத்தைத் தின்ற பறவை விதையைக் கொண்டுபோவதை நினைத்துக்கொள்ளுங்கள். கடிப்பதும் அதுதான், விதைப்பதும் அதுதான்.

தொட்டி வைக்கும் ஆசை உங்களில் யாருக்காவது இருந்தால், வாங்குவதற்கு முன்பு கடைக்காரரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "இந்த மீனுக்கு என் முன்னால் தீனி போடுங்கள்." சாப்பிடாத மீனை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். பவளத்தைக் கடலிலிருந்து உடைத்து வந்தால் அழகாக இருக்குமே என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். கடல் பூங்காக்களில் செத்த பவளத் துண்டை எடுப்பதுகூட 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். கல் பவளங்கள் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிய துண்டுகள் கிடைக்கின்றன. அவை தொட்டி வாழ்க்கைக்குப் பழகியவையும்கூட.

போன மாதம் சேலை வாங்கப் போன என் அக்காவோடு அந்தக் கடைக்குப் போனேன். கல்லா ஓரம் இப்போது இரண்டு தொட்டிகள். பெரியதில் மூளைப் பவளம் தட்டு போல் விரிந்திருந்தது. அக்ரோபோராவின் செத்த அடிக்கொம்புகள் பழுப்பேறிக் கிடக்க, தப்பிய இரண்டு நுனிகள் ஊதா நிறத்தில் ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தன. பவளமே இல்லாத, பாறை மட்டும் அடுக்கிய மற்றத் தொட்டியில் செப்புப்பட்டை மீன். அதற்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை தீனி. திறந்த மட்டியின் சதை என்றால் உயிர் என்றார் அண்ணன். ஒரு சின்னப் பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். மீனும் உள்ளிருந்து தன் நீண்ட மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

"பெரிய தொட்டியில ஐப்டேசியா திரும்ப முளைச்சிருக்கு" என்றான் பையன். "இந்தத் தடவை இறால் வாங்கலாம்னு இருக்கேன். அது பவளத்தைத் தொடுமான்னு முதல்ல பெட்டியில வச்சுப் பார்க்கணும்."